தோட்டவாசலில் நின்ற சட்டம்

ஒரு தேசத்தின் அரசியலைப் பற்றி எழுதப் புகுகின்றவர்கள் பெரும்பாலும் பாராளுமன்றத்தில் தொடங்கி மந்திரிசபையில் முடித்துவிடுவது நெடுநாளைய சம்பிரதாயம். ஆனால் சந்தைக் கட்டடத்தின் கூரை ஏன் ஒழுகுகிறது, சந்தியில் உள்ள தெருவிளக்கு ஏன் எரியவில்லை, மாரிகாலத்தில் பெருக்கெடுத்து வீட்டுக்குள் புகும் வடிகானைத் தூர்வார வேண்டியவர் யார், இறந்தவரை அடக்கம் செய்ய மயானத்தில் இடம் உண்டா என்பன போன்ற, பத்திரிகையின் முதற்பக்கத்தை அநேகமாக எட்டாத, எனினும் மனிதனைப் பிறந்த நாள் முதல் விட்டகலாத கேள்விகளுக்கு விடை சொல்லும் பொறுப்பு வேறொரு ஸ்தாபனத்தின் தலையில் சுமத்தப்பட்டிருக்கிறது. இலங்கையில் அதற்குப் பிரதேச சபை என்று பெயர். 2025ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி அங்கே தேர்தல் நடைபெற்ற 339 உள்ளூராட்சி மன்றங்களுள் 275 பிரதேச சபைகளே. மாநகரங்களும் நகரங்களும் போக எஞ்சிய நாடு, அதாவது வயலும் வனமும் கடற்கரையும் மலைத்தோட்டமும், பெரும்பாலும் இவற்றின் எல்லைக்குள்ளேயே அடங்குகின்றது.

இச்சபைகளைத் தோற்றுவித்த 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம், பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகிய மூன்றையும் பரிபாலிக்கும் அதிகாரத்தை அவற்றுக்கு அளித்து, அத்துடன் அமையாமல் தம் பிரதேசத்து ஜனங்களின் சுகத்தையும் சௌகரியத்தையும் க்ஷேமத்தையும் பேணி வளர்க்கும் கடமையையும் பொதுவாக விதித்திருக்கிறது. சட்டத்தின் பாஷை கம்பீரமானது. காரியத்தில் அது எவ்வாறு உருக்கொள்கிறது என்று பார்த்தால் மிக எளிமையானது. விடியற்காலையில் உக்கும் குப்பை வேறு, உக்காத குப்பை வேறு என்று பிரித்து வாங்கிக்கொண்டு போகும் உழவு இயந்திரம் சபையினுடையது. வாரச்சந்தையின் கடைகளைக் கேள்வி கோரிக் குத்தகைக்கு விடுவது சபை; இறைச்சிக் கடைக்கு உத்தரவு கொடுப்பதும், உணவுக் கடைக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவதும் சபை; வீடு கட்ட எண்ணுகிறவன் வரைபடத்தைக் கொண்டு போய் நிற்பதும், காணி வாங்குகிறவன் தெருக்கோட்டுச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதும், மலக்குழி நிரம்பிவிட்டால் கலி பவுசருக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பதும் அதன் கருமபீடத்தின் முன்னால்தான். இலவச ஆயுர்வேத மருந்தகம், முன்பள்ளி, விளையாட்டு மைதானம், சனசமூக நிலையம், பொது நூலகம் ஆகியவற்றையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். இவற்றுள் நூலகத்துக்கு நான் எப்பொழுதும் சற்று அதிகமான மரியாதை கொடுப்பவன். வேலையற்ற இளைஞன் ஒருவன் எவரிடமும் காரணம் சொல்லாமல் நுழைந்து, ஒரு சதமும் கொடாமல் மின்விசிறியின் கீழ் அமர்ந்து, அன்றைய தினசரியில் வேலைவாய்ப்பு விளம்பரம் பார்த்துவிட்டு எழுந்துபோகக்கூடிய அரசாங்கக் கட்டடம் வேறு எது இருக்கிறது?

வெளியூர் வாசகருக்கு ஒரு விளக்கம் சொல்லிவிட வேண்டும். பிரதேச சபையும் பிரதேச செயலகமும் பெயரளவில் சகோதரர்கள் போலத் தோன்றினும் இரண்டும் வெவ்வேறு. செயலகம் மத்திய அரசாங்கத்தின் கரம். பழைய தலைமுறையினர் இன்றும் அதனை ஏ.ஜீ.ஏ. கந்தோர் என்றே அழைப்பர். கிராம உத்தியோகத்தர் தொடங்கி நிவாரணப் பட்டியல் வரையில் எல்லாம் அதன் பாற்பட்டன. சபையோ வாக்களித்து அமைப்பது. அதன் தலைவர் தவிசாளர், நிர்வாகத்தை நடத்துபவர் செயலாளர். இரண்டுக்கும் நடுவே அலைக்கழிந்து, இங்கே போனால் அங்கே போ என்றும் அங்கே போனால் இங்கே போ என்றும் கேட்டுச் சலித்தவர்கள் அந்நாட்டில் அநேகர்.

சபையின் வம்சாவளி நீண்டது. கிராமத்தார் கூடித் தம் காரியங்களைத் தாமே தீர்த்துக்கொண்ட பழைய வழக்கத்துக்கு 1871இல் பிரித்தானிய ஆட்சி ஒரு கட்டளைச் சட்டத்தின் மூலம் புத்துயிர் கொடுத்தது. கிராமச் சங்கங்கள், கிராம சபைகள், பட்டின சபைகள் என்று பெயரும் அதிகாரமும் மாறி மாறி வளர்ந்து வந்த அந்த ஏற்பாடு, 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தபோது, ஐந்நூறுக்கு மேற்பட்ட கிராம சபைகளும் எண்பதுக்கு மேற்பட்ட பட்டின சபைகளும் ஒருசேரக் கலைக்கப்பட்டதோடு முடிவுற்றது. மாவட்டம் என்பது ஒரு கிழவி நடந்துபோய் முறையிடக்கூடிய தூரத்தில் இருப்பதன்று. அந்தக் குறையை ஆறே ஆண்டுகளில் உணர்ந்து, கிராமத்துக்கும் மாவட்டத்துக்கும் இடைப்பட்ட ஓர் அளவில் அமைக்கப்பட்டவையே பிரதேச சபைகள். அவற்றுக்கான முதலாவது தேர்தல் 1991இல் நடந்தது.

இத்தனை பீடிகையும் எதற்கென்றால், இந்தச் சட்டம் ஓரிடத்தில் வந்து நின்றுவிட்ட கதையைச் சொல்லுவதற்காகவே. அவிசாவளையிலிருந்து புறப்பட்டு ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் நெடுஞ்சாலையில் பிரயாணம் செய்வோர், இருமருங்கிலும் சீராக வெட்டப்பட்ட தேயிலைச் செடிகளின் அழகிலேயே கண்ணைப் பறிகொடுத்துவிடுவர். அந்தச் செடிகளின் ஊடாகக் கிளைவழியாகப் பிரிந்து, தொழிலாளர் குடியிருப்புக்களாகிய லயங்களுக்குச் செல்லும் பாதைகளின்மேல் பார்வையைச் செலுத்துகிறவர் சிலரே. பிரதான வீதியில் தார் இருக்கும், கிராமத்துக்குப் பிரியும் வீதியிலும் ஏதோ ஒரு விதமாகத் தார் இருக்கும். தோட்டத்துப் பாதையில் மட்டும் கல்லும் குழியும் சேறுமாக இருக்கும். பிரசவ வேதனை கண்ட பெண்ணை அந்தப் பாதையில் இறக்கிக்கொண்டு வந்தவர்களுக்குத்தான் உள்ளூராட்சி என்பது எத்தகைய விஷயம் என்று தெரியும்.

நுவரெலியா மாவட்டத்தின் ஜனத்தொகை ஏழு லட்சத்துக்கு மேல். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர், தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்களாகிய மலையகத் தமிழர். தேர்தல் காலத்தில் பிரதேச சபையின் எல்லைக்குள் இவர்கள் அனைவரும் வசிப்பவர்களாகவே கருதப்பட்டனர். இவர்களுடைய வாக்கினால் அங்கத்தவர்கள் தெரிவாயினர். இவர்களிலிருந்தே தவிசாளர்களும் வந்தனர். ஆயினும் அத்தவிசாளர் தம்முடைய ஆசனத்தில் அமர்ந்த மறுகணமே, தமக்கு வாக்களித்தோர் வாழும் லயத்துக்குச் சபை நிதியிலிருந்து ஒரு வடிகான் கட்டவும் இயலாதவராய் நின்றார். காரணம், சட்டத்தின் 33ஆம் பிரிவு. அப்பிரிவு கிராமங்களைக் குறித்தே பேசியது. தோட்டம் கிராமமன்று, அது ஒரு நிர்வாகத்தின் கைவசமுள்ள தனிக் காணி, ஆகவே பொதுப்பணத்தை அங்கே செலவிட இடமில்லை என்பதே அதற்கு அதிகாரிகள் கொண்ட பொருள். துணிந்து செலவிட்டால் கணக்காய்வில் விளக்கம் கேட்கப்படும் என்ற அச்சம் செயலாளரின் பேனாவைத் தடுத்தது. சபைக்குத் தோட்டங்களிலிருந்து சொற்பமாயினும் ஏக்கர் வரி வந்தது. அந்த வரியை ஈட்டிக் கொடுத்த நிலத்தில் கொழுந்து பறித்தவளின் வீட்டுக் குப்பையை அள்ளச் சட்டம் அனுமதிக்கவில்லை.

சட்டம் இயற்றியோரின் கவனக்குறைவு என்று இதனை ஒதுக்கிவிட முடியுமா? முடியாது என்றே நான் கருதுகிறேன். தோட்டம் என்பது தனக்குள்ளே முற்றுப்பெற்ற ஓர் உலகம், அதன் பாலனம் துரையைச் சேர்ந்தது என்ற எண்ணம் கோப்பிக் காலத்திலிருந்தே வேரூன்றியது. பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவது முதல் பிள்ளைக்காம்பராவில் குழந்தையைத் தாலாட்டுவது வரையில் சகலமும் தோட்ட நிர்வாகத்தின் ஏற்பாடு. நோய் வந்தால் தோட்டத்து டிஸ்பென்சரி, செத்தால் தேயிலை மலையின் ஓரத்தில் ஒரு குழி. 1930களின் பிற்பகுதியில் கிராமச் சங்கங்களின் வாக்குரிமை பற்றிய விவாதம் எழுந்தபொழுது தோட்டத் தொழிலாளர் அவ்வுரிமைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாட்டுக்கே வெளியே நிறுத்தியது. 1964இல் இந்திய, இலங்கைப் பிரதம மந்திரிகள் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தால் லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். எஞ்சியவர்களுள் நாடற்றோராய் இருந்தவர்களுக்கு 1988இலும் 2003இலும் இயற்றப்பட்ட சட்டங்களினாலேயே பிரஜாவுரிமை பூர்த்தியாயிற்று. ஆக, பிரதேச சபைச் சட்டம் வரையப்பட்ட 1987இல், தோட்டத்து மனிதனைக் கிராமத்து மனிதனோடு ஒருசேர நினைத்துப் பார்க்கும் பழக்கம் சட்டம் எழுதும் மேசைகளுக்கு இன்னும் வந்திருக்கவில்லை.

நிலத்தின் சரித்திரமும் இதிலே குறுக்கிட்டது. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. அரசாங்கக் கூட்டுத்தாபனங்கள் அவற்றை நடத்தின. 1992இல் நிர்வாகம் தனியார் கைக்கு மாறி, 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகள் உருவாயின. பின்பு குத்தகைக் காலம் 53 ஆண்டுகளாக்கப்பட்டது. நிலம் அரசாங்கத்தினுடையதே என்றிருந்தும் அதில் பாதை போட அரசாங்கத்தின் மற்றோர் அங்கமாகிய சபைக்குச் சட்டம் கையை விரித்தது என்பது எந்தத் தர்க்கசாஸ்திரத்தினாலும் விளக்கவொண்ணாத விநோதம்.

இந்த வெற்றிடத்தை எவர் நிரப்பினர்? பாராளுமன்ற அங்கத்தவர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி, அமைச்சுக்களின் ஒதுக்கீடு, மாகாண சபையின் தயவு, தொண்டு நிறுவனங்களின் திட்டம் என்று பல கைகள் நீண்டன. அவற்றால் பல தோட்டங்களுக்குக் கொங்கிரீட் பாதையும் குடிநீர்க் குழாயும் வந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வரி செலுத்தி உரிமையோடு கேட்டுப் பெறவேண்டிய நூறு யார் பாதை, பிரமுகர் ஒருவரின் பெயர்ப்பலகையோடு திறந்துவைக்கப்படும் உபகாரமாயிற்று. உபகாரம் செய்தவருக்கு மாலை போட வேண்டும். அடுத்த தேர்தலில் நன்றி காட்ட வேண்டும். பாதை இரண்டு மழையில் பெயர்ந்துபோனால் எவரிடமும் கேட்க முடியாது. தொழிற்சங்கமே அரசியல் கட்சியாகவும் இருக்கும் மலையகத்தில் இந்த உபகார முறை ஆழமாக வேர்விட்டதற்குச் சபையின் கைகள் கட்டப்பட்டிருந்தமையும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

வடிகான் கட்டுவது அற்பமான காரியம் என்று நினைப்பவர்கள் மலைச்சரிவில் வாழ்ந்து பார்த்தவர்களல்லர். நூறாண்டுக்கு மேல் பழமையான லயங்கள், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள், அவற்றின் பின்னால் வெட்டப்பட்ட மண்திட்டு, மேலே மலை. மழைநீர் முறையாக வழிந்தோட வாய்க்கால் இல்லையெனில் அது மண்ணுக்குள் இறங்கி மண்ணையே தளர்த்திவிடும். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் திகதி காலையில் பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்சரிவில் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது என்று தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கைகள் கோப்புக்களில் இருந்தன, ஜனங்கள் லயத்திலேயே இருந்தனர். தோட்டமா, செயலகமா, சபையா, அமைச்சா, எவர் அவர்களை வேறிடத்தில் குடியேற்றியிருக்க வேண்டும் என்ற வினா அனர்த்தத்துக்குப் பிறகு நெடுநாள் விவாதிக்கப்பட்டது. இன்று மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் புதிதாக வீடு கட்ட அனுமதி கேட்டு வருவோரிடம் அந்நிறுவனத்தின் சிபாரிசைச் சபைகள் கோருகின்றன. லயங்களோ அனுமதி கேட்கும் காலத்துக்கு நெடுநாள் முந்தியவை.

2018ஆம் ஆண்டு இரண்டு விதத்தில் முக்கியமானது. முதலாவது, நுவரெலியா மாவட்டத்தின் சபைகள் பெருகின. அதற்கு முன்னர், சில ஆயிரம் பேருக்கு ஒரு சபை இருக்கக்கூடிய அதே நாட்டில், நுவரெலியாப் பிரதேச சபையும் அம்பகமுவைப் பிரதேச சபையும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு லட்சம் ஜனங்களைச் சுமந்து தள்ளாடின. நுவரெலியாவைப் பிரித்துக் கொட்டகலை, அக்கரப்பத்தனை என்ற சபைகளும், அம்பகமுவையைப் பிரித்து நோர்வூட், மஸ்கெலியா என்ற சபைகளும் புதிதாக அமைக்கப்பட்டன. மாவட்டத்தில் ஐந்தாயிருந்த பிரதேச சபைகள் ஒன்பதாயின. இரண்டாவது, மலையகக் கட்சிகளும் சிவில் அமைப்புக்களும் ஆண்டுக்கணக்காக வற்புறுத்தி வந்ததன் பயனாக, பிரதேச சபைகள் தோட்டங்களிலும் பணிபுரிய வழி திறந்து சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் பிறந்து முப்பத்தொரு வருஷங்களுக்குப் பின் நிகழ்ந்தது இது.

அதே ஆண்டுத் தேர்தல் வேறொரு மாறுதலையும் கொண்டுவந்தது. அங்கத்தவர்களுள் நான்கில் ஒரு பங்கினர் பெண்களாய் இருக்கவேண்டும் என்ற விதி முதன்முறையாக அமலுக்கு வந்தது. அதுவரை நாடு முழுவதும் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களின் பங்கு இரண்டு விழுக்காட்டையும் எட்டவில்லை. கட்சித் தலைவர்கள் பலர் பட்டியலை நிரப்ப உறவினர் வீட்டுப் பெண்களைத் தேடி அலைந்ததும் உண்டு; வந்தவர்களுள் சபையில் வாய்திறவாமல் இருந்தவர்களும் உண்டு. ஆனால் கொழுந்துக்கூடை சுமந்த தோளோடு சபைக்கு வந்து, கழிவறையைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் பேசியவர்களும் இருந்தார்கள். இவ்விரண்டும் ஆண் அங்கத்தவர்களின் பிரேரணைகளில் அதுவரை அருமையாகவே இடம்பெற்ற விஷயங்கள்.

மஸ்கெலியாச் சபையின் ஆண்டு வாழ்க்கையைப் பார்த்தால் ஒரு மலையகச் சபையின் சங்கடம் நன்கு புலப்படும். சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணி வழியாக ஏறும் யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரையில் நீடிக்கும். நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் பக்தர்கள் திரள்வர். அவர்கள் விட்டுச்செல்லும் பிளாஸ்டிக் போத்தல்களையும் சோற்றுப் பொதிகளையும் அகற்றுவதும், தற்காலிகக் கடைகளை ஒழுங்குசெய்வதும் சபைக்கு உரியவை. புண்ணியம் தேடிப் போகிறவர்கள் குப்பையைக் கீழே கொண்டுவருவதில்லை என்பது எல்லா மலைகளுக்கும் பொதுவான விதி போலும். சிறியதோர் ஊரின் வருமானத்தில் ஒரு தேசத்தின் யாத்திரையைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. அந்த மாதங்களில் தோட்டத்து லயங்களுக்கு வண்டி எங்கிருந்து வரும்?

பணமே இங்கு முடிச்சு. சபையின் வருமானம் மதிப்பீட்டு வரி, சந்தைக் குத்தகை, அனுமதிக் கட்டணம், முத்திரைத் தீர்வை, நீதிமன்ற அபராதம் ஆகியவற்றிலிருந்து வருவது. சம்பளத்தின் பெரும்பகுதியை மாகாண சபை கொடுத்துவிடுகிறது. கடைவீதிகள் நிறைந்த பட்டினங்கள் மலையகத்தில் பெரும்பாலும் நகர சபைகளின் எல்லைக்குள் இருக்கின்றன: ஹட்டனும் தலவாக்கலையும் அப்படியே. அவற்றைச் சுற்றியுள்ள பிரதேச சபைகளுக்கு எஞ்சுவது தேயிலை, தேயிலை, மேலும் தேயிலை. லயத்தில் வசிப்பவருக்கு அவ்வறை சொந்தமன்று. சொந்தமில்லாததற்கு வரி இல்லை. வரி தராதவர்க்குச் சேவை ஏன் என்ற வாதம் அதிகார வட்டாரங்களில் கேட்டுப் புளித்தது. வாதிப்போர் மறந்துவிடுவது ஒன்றுண்டு. அந்நிலத்தின் பெறுமதியில் பங்கு கொண்டோர் வேறு எவரோ. அவர்களிடமிருந்து ஏக்கர் வரியாகச் சபை பெறுவது நிலத்தின் விளைவோடு ஒப்பிட வெட்கப்படும் தொகை. 2018இன் திருத்தம் வாசலைத் திறந்தது, பணப்பையைத் திறக்கவில்லை. ஏக்கர் வரியை இக்காலத்து மதிப்புக்கு உயர்த்தாமல் தோட்டங்களுக்குச் சேவை விரியும் என்று எதிர்பார்ப்பது வெறும் ஆசை.

திறந்த வாசலையும் காலம் சோதித்தது. 2018 மார்ச்சில் பதவியேற்ற சபைகளின் ஆயுள், ஓராண்டு நீடிப்பும் சேர்ந்து, 2023 மார்ச் 19ஆம் திகதி முடிவடைந்தது. அம்மாதம் 9ஆம் திகதி நடத்தக் குறித்திருந்த தேர்தலோ, பொருளாதார நெருக்கடியில் திறைசேரியிடம் பணமில்லை என்ற காரணத்தால் தள்ளிப்போயிற்று. இரண்டாண்டுக்கு மேலாக மக்கள் பிரதிநிதி ஒருவரும் இன்றிச் செயலாளர்களே சபைகளை நடத்தினர். தேர்தலை நடத்தத் தவறியது அடிப்படை உரிமை மீறலே என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செயலாளர்களின் ஆட்சியிலும் குப்பை அள்ளப்பட்டது, விளக்கு எரிந்தது. சில இடங்களில் முன்னிலும் ஒழுங்காக நடந்தது என்று சொல்வோரும் உண்டு. ஆனால் எந்தப் பாதைக்கு முதலில் கல் இறக்குவது என்று தீர்மானிக்கும் மேசையில் லயத்தின் சார்பாக ஒருவர் இல்லாத இரண்டு ஆண்டுகள், திருத்தப்பட்ட சட்டத்தின் பிள்ளைப் பருவத்திலேயே வந்து வாய்த்தது துர்ப்பாக்கியம்.

பிரதிநிதிகளை மட்டும் நம்பியிராமல் ஜனங்கள் தாமே பயன்படுத்தக்கூடிய வழிகளும் உண்டு. சபையின் கூட்டங்களில் பொதுமக்கள் பார்வையாளராக அமரலாம். சட்டம் கூறும் நான்கு குழுக்களில், நிதியும் கொள்கையும், வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்ப சேவை, சுற்றாடலும் வசதிகளும் என்றவற்றில், அங்கத்தவரல்லாத பிரஜைகளையும் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தம் தோட்டத்துக்கென்று எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவாயிற்று என்று ஒரு தாளில் எழுதிக் கேட்கலாம். தோட்டத்துப் பாடசாலையில் உயர்தரம் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் இளைஞர்களும் யுவதிகளும் இந்த வழிகளைப் பயன்படுத்தத் தொடங்கினால், மாலை போட்டு உபகாரம் பெறும் பழக்கம் தானே தேய்ந்துபோகும் என்று நம்புகிறேன்.

மாறுதலின் மற்றொரு வழி வீடு. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் கடந்த பத்தாண்டுக்குள் மலையகத்தில் வலுப்பெற்றிருக்கிறது. இந்திய அரசாங்கம் பெருந்தோட்டப் பகுதிகளுக்கென முதலில் 4,000 வீடுகளுக்கு உதவியது. 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து திரண்டிருந்த ஜனங்களின் முன்னிலையில் மேலும் 10,000 வீடுகளை அறிவித்துப்போனார். தேவையோ இவற்றைப்போல் பன்மடங்கு. கட்டும் வேகமோ மந்தம். ஆயினும் கட்டி முடிந்த ஒவ்வொரு வீட்டுத்தொகுதியும் சபைக்கு ஒரு புதிய வேலைப் பட்டியலை அனுப்புகிறது: உள்வீதி, வடிகான், விளக்கு, குப்பை வண்டி, வீட்டிலக்கம். லயத்தில் இருந்தவரைக்கும் கடிதங்கள் தோட்டக் கந்தோருக்கு வந்து எவர் கையிலேனும் கிடைத்து, கிடைத்தபோது கிடைத்தன. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நாள் கடந்து கிடைத்த கதை மலையகத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. வீதிக்குப் பெயரிடுவதும் வீட்டுக்கு இலக்கம் கொடுப்பதும் சபையின் அதிகாரத்துக்கு உட்பட்ட காரியங்கள், செலவும் அதிகமில்லை.

அந்த வீடுகளுக்கு உறுதிப்பத்திரம் முறையாகக் கிடைத்து, அவை மதிப்பீட்டுப் பதிவேட்டில் ஏறுமாயின், அங்கே குடியிருப்பவர்களுக்கும் வரி அறிவித்தல் வரும். வரி என்றால் முகம் சுளிப்பது மனித சுபாவம். ஆயினும் தம் பெயருக்கு வந்த அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு கருமபீடத்தில் போய் நின்று, எங்கள் வீதிக்கு விளக்கு எப்போது என்று கேட்கும் உரிமை அதனோடு சேர்ந்து வருகிறது. ஜனவரி மாதம் 31ஆம் திகதிக்குள் முழு வருஷத்துக்கும் செலுத்திவிட்டால் பத்து விழுக்காடு கழிவும் உண்டு.